மணி அடித்தால் உட்கார வேண்டிய தீவு

முதலில் கையெழுத்துக்கு மன்னிக்கவும். வரி மேலும் கீழும் ஓடும். ழகரம் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வரும். எழுபத்தோரு வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றேன், ஒன்றரை வருடம் ஆகிறது. மருமகள் ஸ்டெல்லா இந்தத் தாள்களைப் படம் பிடித்துத் தன் வலைப்பூவில் போடுகிறாள். டைப் பண்ணித் தரட்டுமா மாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

போன ஜூனில் பசிபிக் கடலில், அமெரிக்க சமோவாவில் தாஉ என்ற தீவுக்குப் போய் வந்தேன். அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் சான் ஹோசேயில் எங்கள் பங்குக் கோயிலுக்கு வரும் இயோசேபோ அந்தத் தீவுக்காரர், என் சிநேகிதர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். இருபத்தாறு வருடம் கழித்துச் சொந்தத் தீவில் போய்க் குடியிருக்க ஆசைப்பட்டார். குடும்ப நிலம் இருந்தாலும் ஊர்ச்சபை சம்மதிக்க வேண்டுமாம். அதைக் கேட்கப் போகிறேன், கூட வா என்றார். "முட்டி வலிய வெச்சுக்கிட்டு அவ்ளோ தூரம் டிராவல் பண்ணணுமாப்பா?" என்றான் என் மகன் சேவியர். அதற்குள் நான் சட்டையெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

ஹொனலூலுவுக்கு ஐந்தரை மணி நேரம். அங்கிருந்து அமெரிக்க சமோவாவின் தலைநகர் பாகோ பாகோவுக்கு மறுபடி ஐந்தரை மணி நேரம், சுமார் 2,600 மைல். நாங்கள் போனபோது வாரத்துக்கு இரண்டு விமானம்தான், தேதி பார்த்து டிக்கெட் எடுங்கள். போகவர எனக்கு 1,240 டாலர். பாகோ பாகோவிலிருந்து தாஉவுக்குச் சின்ன விமானம், முப்பத்தைந்து நிமிடம், போகவர 210 டாலர். பெட்டியோடு ஆளையும் தராசில் ஏற்றுகிறார்கள். நான் 128 பவுண்டு. பின்னால் நின்றவர் என்னைப் போல் இரண்டு பேர் இருப்பார். "நீ என் பைக்குள்ளயே வந்திருக்கலாமே" என்றார். (எல்லாரும் பேசியது ஆங்கிலம். நம் பேச்சில் எழுதுகிறேன்.)

இயோசேபோவின் தங்கை மாலியா பிக்கப்பில் வந்து அழைத்துப் போனாள். ஆறு மைல், ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலை. வீட்டு வாசலிலேயே கல்லறைகள். பிள்ளைகள் அதன் மேல் உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறார்கள், பக்கத்தில் துணி காய்கிறது. செத்தவர்களை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு இவ்வளவு சிரிப்பாக இருக்கிறார்களே என்று பார்த்துக்கொண்டே போனேன்.

அன்று மாலை ஆறு மணிக்குக் கோயில் பக்கம் மணி அடித்தது. மணி என்றால், தொங்கவிட்ட பழைய காஸ் சிலிண்டரும் ஒரு சுத்தியலும். மாலியா குளித்துக்கொண்டிருந்தாள், இயோசேபோ தூங்கிக்கொண்டிருந்தார். தூத்துக்குடியில் மணி கேட்டால் கோயிலுக்கு ஓடி வளர்ந்தவன் நான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ரோட்டில் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் முந்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று இன்னும் வேகமாக நடந்தேன். இன்னொரு மணி அடித்தது. நம் வேட்டி போல இடுப்பில் துணி கட்டிய நான்கு பேர் குறுக்கே வந்தார்கள்.

"உட்காருங்க."

"லேட் ஆயிடுச்சுப்பா" என்றேன்.

"பெரியவரே, உட்காருங்க."

ரோட்டோரத்தில் உட்கார்ந்தேன். பிறகுதான் விவரம் தெரிந்தது. முதல் மணிக்கு எல்லாரும் வீட்டுக்குள் போக வேண்டும். இரண்டாவது மணிக்கு வீட்டுக்குள்ளேயே ஜெபம். மூன்றாவது மணி வரை ரோட்டில் யாரும் அசையக் கூடாது, வண்டிகூட நின்றுவிடும். அதைப் பார்த்துக்கொள்ள ஊர் நிறுத்திய ஆட்கள்தான் அந்த நான்கு பேர். விருந்தாளி மீறினால் கூட்டி வந்த வீடுதான் சபையில் பதில் சொல்ல வேண்டும்.

"நான் இருபத்தாறு வருஷம் காத்திருந்தேன். உன்னால இருபது நிமிஷம் முடியலையா?" என்றார் இயோசேபோ, நான் வீடு திரும்பியதும்.

மறுநாள் காலை சபை கூடியது. சுவர் இல்லாத வீடு, சுற்றிலும் தூண்கள். ஒவ்வொரு குடும்பத் தலைவர் பட்டத்துக்கும் ஒரு தூண், அதில்தான் அவரவர் சாய வேண்டும். பெரிய தலைவருக்காகப் பேசத் தனியாக ஒருவர் இருக்கிறார். காலை நீட்டி உட்கார்வது அங்கே அவமரியாதை, என் முட்டியோ மடங்கவில்லை. யாரோ சத்தமில்லாமல் வந்து என் கால்மேல் ஒரு பாயைப் போட்டுவிட்டுப் போனார்கள். கால் மூடியிருந்தால் குறை இல்லையாம். இப்படி ஒரு மரியாதையை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

இயோசேபோ மன்னிப்புக் கேட்டார். நான் ஏன் ஓடினேன் என்பதையும் எடுத்துச் சொன்னார். பெரிய தலைவர் தானே வாய் திறந்தார். "நம்ம பசங்கள கோயில் பக்கம் நடக்க வைக்கவே முடியல. இவர் ஓடியிருக்கார்." எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "விருந்தாளிக்கு முறை சொல்லித் தராத வீட்டை எப்படி நம்புறது? இன்னைக்கு சாயங்காலம் உங்க வீட்டு ஜெபத்த இவர் தன் பாஷையில வாசிக்கட்டும். உன் விஷயத்த அப்புறம் பேசுவோம்."

ஸ்டெல்லாவைத் தவிர யார் முன்னாலும் நான் சத்தமாக வாசித்ததில்லை. மாலை பன்னிரண்டு பேர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கொண்டு போயிருந்த தமிழ் ஜெபப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் போனேன். 'மன்றாடுகிறோம்' வந்த இடத்தில் மூன்று தடவை தடுக்கியது. யாரும் அசையவில்லை. ஆமென் சொல்லி நிமிர்ந்தேன், மூன்றாவது மணி அடித்தது. வழக்கமாக இருபது நிமிடம். அன்று நாற்பத்திரண்டு.

மணி அடிப்பவர் மறுநாள் என்னை வழியில் பிடித்தார். "உங்க ஆமென் வருமா வராதான்னு வெளியவே நின்னேன் பெரியவரே. சுத்தியலத் தூக்கிப் பிடிச்சே தோள் போச்சு." நான் முடிக்கும் வரை ஊர் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அன்று சாயங்காலம் தலைவருக்காகப் பேசுபவர் கையில் இரண்டு ஈரப்பலாக்காயோடு (நம் ஊர்க் கறிப்பலா) வந்தார். இயோசேபோ வீடு கட்டலாம் என்றார்.

போகிறவர்களுக்கு: முட்டிக்குக் கீழே வரும் துணி எடுத்துக்கொள்ளுங்கள். தங்கும் வீட்டுக்கு ஒரு பெட்டி டின் மீன் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும், நான் ஏடிஎம் பார்க்கவில்லை. பெட்டியைத் திறக்கும் முன் மணி எப்போது என்று கேட்டுவிடுங்கள்.

இயோசேபோ டிசம்பரில் போய்விடுவார். அந்த ஊரில் போன் சரியாக எடுக்காது, கடிதம்தான். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் ஆங்கில எழுத்தைத் தொடங்கிவிட்டேன், எம் வரை வந்தாயிற்று. இந்தத் தாள்களுக்கு ஒன்பது நாள் ஆனது. தீவின் தெற்குக் கரைக்கு நடந்ததை அடுத்த சனிக்கிழமைக்குள் எழுதிவிடுவேன். காலையில் தமிழ், சாயங்காலம் இயோசேபோவின் எழுத்து.