எரிக்காத விறகு

இரங்கூனில், பசுண்டாங் ஓடைக் கரையில் செங்கல் சூளை வைத்திருந்த நல்லப்பன், 1923 முதல் மூன்று ஆண்டுகள், எரிக்காத விறகை அடுக்கியே அலுத்துப்போனார்.

அவர் எரித்தது உமி. பக்கத்து அரிசி ஆலையில் மலையாகக் குவிந்த உமியைச் சம்பான் படகுகளில் அள்ளிவருவார்; படகுக் கூலியைத் தவிர வேறு செலவில்லை. பாதி மிஞ்சி ஓடையோடு போனாலும், அத்தனை உமியும் தமக்கே என்று ஆலையாரிடம் எழுதி வாங்கியிருந்தார். சற்றுத் தள்ளிச் சூளை போட்டிருந்த உதுமானோ விறகை விலைக்கு வாங்கி எரித்தார். விற்பனையில் இருவரும் முட்டி மோதிக் களைத்தபின், ஆயிரம் கல்லை இருபத்திரண்டு ரூபாய்க்குக் கீழே எவரும் விற்பதில்லை என்று கையடித்துக்கொண்டார்கள். அந்த விலை உதுமானுக்குக் கஞ்சிக்குக் காணும். நல்லப்பனுக்கோ விருந்துக்கே காணும். அது தெரிந்தால் உதுமான் சொல்லில் நிற்பாரா? கல் வாங்கும் மேஸ்திரிகள்தாம் அந்த விலை கொடுப்பார்களா? ஆகவே உமியைப் பின்கரையில் இறக்கி, முன்வாசலில் ஆளுயரத்துக்கு விறகு அடுக்கினார். மழை சரித்தால் மீண்டும் அடுக்கினார்; கறையான் அரித்தால் புதிது வாங்கினார்.

"எரிக்கிறவனுக்குச் சாம்பலாவது மிஞ்சுது. எனக்குக் கறையான்தான்" என்று மனைவி சொர்ணம்மாளிடம் முனகுவார்.

1926 சித்திரைக் கடைசியில் உதுமான் வந்தார். சனிக்கிழமை என்பாரும் உண்டு. தொழுகை முடிந்த கையோடு வந்தார் என்பதால் வெள்ளியே சரி. முந்தின நாள் மழையில் சரிந்த விறகை நல்லப்பன் அடுக்கிக்கொண்டிருந்தார். உதுமான் உதட்டை விலக்கிப் பல்லைக் காட்டினார்.

"எப்படிண்ணே, பளபளன்னு இருக்கா?"

"பல்லைக் காட்டவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க, பாய்?"

"சந்தையில காளியம்மா பொட்டலம் போட்டு விக்கிற உமிக்கரி. எங்கே அள்ளுனேன்னு கேட்டேன். 'நல்லப்பண்ணன் சூளையில, மகராசன் காசே வாங்குறதில்ல'ன்னு வாழ்த்துறா. விறகு எரிச்சா உமிக்கரி எங்கேருந்துண்ணே வரும்?"

நல்லப்பன் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார். குப்பை ஒழிந்தால் போதுமென்று அள்ளிக்கொள்ள விட்டது அவர்தாம்.

"உமிதான், பாய். பதினாலுக்கு வித்தாலும் எனக்குக் கட்டுப்படி ஆகும்."

"அப்போ என்னை எப்பவோ சாய்ச்சிருக்கலாமே?"

"சாய்க்கணும்னா நானும் பதினாலுக்குல்ல விக்கணும்? நீங்க நின்னாத்தான் இருபத்திரண்டு."

உதுமான் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். "மேஸ்திரிங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா, நாளைக்கே உங்களை அந்தப் பதினாலுக்கு இழுத்துருவாங்க. அதுல நானும் போயிருவேன், அதனால சொல்லல. மிஞ்சுற உமியை எனக்கு விடுங்க. விலை அப்படியே நிக்கட்டும்."

நல்லப்பன் நெடுநேரம் யோசிக்கவில்லை. ஒருவருக்கு மட்டும் மலிவாக இருக்கும்வரை இந்தக் கையடிப்பு தினமும் காவல் காக்க வேண்டிய பொருள்தான். இருவருக்கும் ஒரே செலவானால் அந்தக் காவல் ஒழியும், முதுகும் நிமிரும்.

"எடுத்துக்குங்க, பாய். இந்த விறகையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிருங்க. என் இடுப்பு பிழைக்கட்டும்."

"ஐயையோ, அதைத் தொடாதீங்கண்ணே! மேஸ்திரிங்க கண்ணுக்கு விறகு தெரிய வேணாமா? இனி நானும்ல அடுக்கணும்!"

மறுநாள் கரி அள்ள வந்த காளியம்மா வெறுங்கூடையோடு திருப்பி அனுப்பப்பட்டாள். ஓடைக்கு மேலே வானம் மறுபடி கறுத்திருந்தது. நல்லப்பன் குனிந்து, முந்தின நாள் கீழே வைத்த கட்டையை எடுத்து வரிசையில் செருகினார்.