அங்குவாஷ் இறக்கிய டூக்கான்

பெரிய அலகுள்ள டூக்கான் பறவையைக் கொல்லாமல் மரத்திலிருந்து இறக்க வேண்டுமென்றால், அமேசான் காட்டின் ஷுவார் பழங்குடி ஊர்களில் அங்குவாஷைத்தான் கூப்பிடுவார்கள். அவனுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். நஞ்சில் தண்ணீர் கலந்து அம்பு நுனியில் தடவுவான். ஊதுகுழாயில் வைத்து ஊதினால் பறவை மயங்கி விழும். வாலடியில் இருக்கும் சிவப்பு இறகுகளைப் பிடுங்கிக்கொண்டு, நஞ்சு முறிய அலகைத் திறந்து உப்பு வைப்பான். கொஞ்ச நேரத்தில் அது தள்ளாடி எழுந்து பறந்துவிடும்.

அப்படிப் பறக்காமல் தங்கிவிட்ட ஒன்றை அவன் மனைவி சுவானுவா வளர்த்தாள். பிள்ளை இல்லாத வீடு. அவள் உதட்டிலிருந்தே அது பப்பாளி தின்னும்.

அந்த ஆண்டு சுவானுவாவின் அண்ணன் விசும் ஊர்த்தலைவன் ஆனான். பதவியேற்க இறகுக் கிரீடம் வேண்டும்; சிவப்பு இறகு போதவில்லை. மரவள்ளிக் கள்ளைக் குடித்துக்கொண்டே தங்கையின் பறவையைப் பார்த்தான்.

"என்ன மச்சான், கிரீடத்த வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டா முழிக்கிற?"

"அண்ணே, அதத் தொட்டுப் பாரு. உன் முடியப் பிடுங்கி அதுக்கு வால் கட்டுறேன்."

விசும் சிரித்தான். அங்குவாஷுக்குச் சிரிப்பு வரவில்லை. மச்சான் வாய்விட்டுக் கேட்டதை அங்கே யாரும் மறுப்பதில்லை.

"நாளைக்கு வேற கொண்டாரேன் மச்சான்."

"உசுரோட விட்டுருவேல்ல?" என்றாள் சுவானுவா.

"என்னைக்கு விடாம இருந்தேன்?"

பழைய நஞ்சு தீர்ந்திருந்தது. அண்டை ஊர்க்காரர்களிடம் பண்டம் மாற்றி வாங்கிய புது நஞ்சுச் சட்டிதான் இருந்தது. புது நஞ்சை முதலில் ஒரு தவளையில் குத்திப் பார்த்து, அதன் வீரியத்துக்குத் தக்கபடி தண்ணீர் கலப்பதுதான் வழக்கம். ஆனால் விடியும்போதே டூக்கான்கள் காட்டுப்பனையில் பழம் தின்ன இறங்கிவிட்டன. அங்குவாஷ் தவளையைத் தேடவில்லை. வழக்கம்போலவே தண்ணீர் ஊற்றினான்.

பறவை விழுந்தது. இறகு பிடுங்கினான். உப்பு வைத்தான். இன்னும் கொஞ்சம் வைத்தான். நெஞ்சை நீவி, அலகுக்குள் ஊதியும் பார்த்தான். கழுத்து துவண்டே கிடந்தது. மேலே அதன் ஜோடி கத்திக்கொண்டிருந்தது.

வெறும் இறகை மட்டும் கொண்டுபோக அவனுக்கு மனம் வரவில்லை. பறவையையும் தூக்கிக்கொண்டு வந்தான்.

"தவளையில பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள் சுவானுவா.

பதவியேற்பு நாளில் கிரீடம் தகதகத்தது. சுவானுவா வரிசையாகக் கள் ஊற்றிக்கொண்டு வந்தாள். வெளியூர்க் கிழவர் ஒருவர் கேட்டார்: "யாரு இறக்குனது? உசுரோட விட்டீங்களா?"

"எங்க மச்சான்தான்," என்றான் விசும். "அவன் என்னைக்கு விடாம இருந்தான்?"

எல்லோரும் அங்குவாஷைப் பார்த்தார்கள். சுவானுவாவும் பானையோடு நின்று பார்த்தாள். அவன் குனிந்து தன் காலிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அந்தக் கிண்ணத்தைத் தாண்டி, அடுத்தவருக்கு ஊற்றினாள்.