ஆறு செக்கனுக்கு ஒரு கை

போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தேன். சுவரில் மாட்டியிருந்த டீவியில் யாரோ ஒரு மீனவர் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவில் படம் அவருடைய கைக்குப் போனது. கிழிந்த வலையைப் பொத்துகிற கை. பிறகு மறுபடி முகம். நான் இடியப்பத்தை அப்படியே வைத்துவிட்டேன்.

உங்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன், உதவும். ஆவணப்படத்தில் பேசுகிறவரின் கையைக் காட்டினால் அநேகமாக அந்த இடத்தில் அவருடைய பேச்சை வெட்டியிருக்கிறார்கள். முகத்தைக் காட்டிக்கொண்டே வெட்டினால் தலை ஒரு குதி குதிக்கும், குட்டு வெளிப்பட்டுவிடும். கையைப் போட்டு மூடினால் ஒருவருக்கும் தெரியாது. ஏழெட்டு வருடமாக நான் செய்கிற தொழில் இது. இதுவரை நான் போட்ட கைகளை ஒன்றுசேர்த்தால் ஆடிவேல் தேருக்கு வடம் பிடிக்க ஆள் காணும்.

இதைப் பழகியது அந்தக் கடைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, ஒரு சாறிக் கடையின் மேல்மாடியில் இருந்த எடிட்டிங் அறையில். கீழே இருந்து புதுத் துணியின் கஞ்சி வாசம் ஏறிவரும். கடல் காற்றில் துருப்பிடித்த ஏசி குளிரைவிடச் சத்தத்தைத்தான் கூடத் தரும். இரண்டையும் மீறி, எனக்கு வேலை தந்த டிரெக்டரின் சென்ட் மணக்கும். அவர் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவர். முதல் நாளே நான் கொட்டாஞ்சேனையில் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். சொன்னேன். "ஆ, தோட்டம்" என்றார். அந்த "ஆ"வை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தோட்டம் என்றதும் பூமரங்களை நினைக்கவேண்டாம். கொழும்பில் தோட்டம் என்றால் முதுகோடு முதுகு ஒட்டிய சின்ன வீடுகள், நடுவில் எல்லோருக்கும் ஒரு பைப், ஓரத்தில் ஒரு சாக்கடைக் கான். எங்கள் தோட்டத்துக்குள் நுழைந்தால் கருவாடும் சவர்க்காரமும் சேர்ந்து மணக்கும். அப்பா ஹாபரில் மூட்டை தூக்கினவர், கையெழுத்து வைக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். "மகன் படம் வெட்டுறான்" என்று அம்மா சொல்லித் திரிந்ததில், ஐடென்டிகார்ட்டுக்குப் போட்டோ வெட்டித் தரச் சொல்லி இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள். எடிட்டிங் ஒரு கலை என்று அவர்களுக்கு அரை மணித்தியாலம் விளக்கினேன். அப்படி ஒரு பண்டிதன் அப்போது.

அந்த வருடம்தான் தோட்டத்தை உடைத்து ஆட்களை மாடி வீடுகளுக்கு அனுப்பப்போகிறார்கள் என்ற கதை வந்தது. அனுப்புகிறவர்களுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. வேலை எங்கள் டிரெக்டருக்குக் கிடைத்தது. கமராவைக் கண்டால் தோட்டத்தில் கதவு சாத்துவார்கள். எனக்குச் சாத்தமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். "நீ ஆக்களக் கதைக்க வை தம்பி. டிரெக்ஷன்லயும் உன்ட பேரைப் போடுறன்" என்றார். என் பெயரை முழுவதாகப் போடுவதா, இனிஷலோடு போடுவதா என்று நான் பஸ்ஸிலேயே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

தோட்டத்தில் எதற்கும் முன்னுக்கு நிற்கிறவர் பிலோமினா அக்கா. புருஷன் இல்லை, இரண்டு வயதில் ஒரு மகள். ஒரு சுவர் தள்ளியிருந்த பரீதா ராத்தாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு கார்மென்ட்டுக்கு வேலைக்குப் போவார். கமராவுக்கு முன்னால் அவர் சொன்னது எனக்கு மனப்பாடம்:

"நாங்க போறதுக்கு ரெடிதான். ஆனா எல்லாரையும் ஒரே கட்டடத்தில போடணும். பரீதா இருக்கா எண்டுதான் நான் வேலைக்குப் போறன். அங்கொண்டு இங்கொண்டாப் பிரிச்சா ஒருத்தரும் எழும்பமாட்டம்."

"'ரெடிதான்' வரைக்கும் வை" என்றார் டிரெக்டர். மிச்சம்தானே முக்கியம் என்று நான் இழுத்தேன். "இது படம் தம்பி, பெட்டிஷன் இல்ல."

வைத்தேன். அதோடு, பாலர் பள்ளிக்கூடத்தைப் பற்றி அக்கா வேறு இடத்தில் சொன்ன "பிள்ளைகளுக்கு நல்லது" என்பதையும் ஒட்டினேன். ஒட்டு தெரியாமல் இருக்க ஆறு செக்கனுக்கு ஒரு கை வேண்டும். அக்காவின் கையைக் கமராக்காரர் எடுக்கவில்லை. தேடியதில் வெங்காயம் வெட்டுகிற ஒரு பெண்ணின் கை அகப்பட்டது. பரீதா ராத்தாவுடையது. போட்டேன். அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தியது. டிரெக்டர் முதுகில் தட்டினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பெருமையாக இருந்தது.

படத்தை மாதா கோயில் ஹோலில் தோட்டத்து ஆட்களுக்குப் போட்டுக் காட்டினோம். என் பெயர் வந்தபோது விசில் பறந்தது. அம்மா திரையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு அக்காவின் முகம், பிறகு அந்தக் கை. "அது பரீதா ராத்தாட வளையல்" என்று முன்வரிசையில் ஒரு பிள்ளை சொல்ல, ஹோல் முழுக்கச் சிரித்தது. ராத்தா வெட்கத்தில் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். நானும் சிரித்தேன்.

படம் முடிந்ததும் அக்கா நேரே என்னிடம் வந்தார்.

"என்ட கைக்கு என்னடா நடந்தது?"

டைம் காணாது, அதனால்தான் என்று ஏதோ உளறினேன்.

"கைய விடு. நான் சொன்ன மிச்சம் எங்க?"

டிரெக்டர் குறுக்கே வந்து இனிமையாக விளக்கத் தொடங்கினார். அக்கா அவர் பக்கம் திரும்பவேயில்லை. "நான் இவனோட கதைக்கிறன்" என்றார்.

பிறகு அதே படத்தை ஒரு கூட்டத்தில் போட்டு, தோட்டத்து ஆட்களுக்கு முழுச் சம்மதம் என்று சொன்னார்கள். பிலோமினா எல்லோரையும் விற்றுப்போட்டா என்று பைப்படியில் கதை பரவியது. அவர் மறுத்துப் பார்த்தார். உன்ட வாய்தானே அசைஞ்சது என்று கேட்டார்கள். வரிசையில் அவருடைய வாளியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். என் அம்மாவின் வாளியையும்.

ஒரு பின்னேரம் அக்கா பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்து அந்த மாடிப்படிகளில் ஏறினார். திங்கட்கிழமை கடைசிக் கூட்டமாம். தான் முழுவதும் பேசியதைக் காட்டினால் எல்லோரையும் ஒரே கட்டடத்தில் போடுவார்களாம். அது என்னிடம் இல்லை. ஒரு தேயிலை விளம்பரத்துக்கு டிஸ்க்கில் இடம் வேண்டும் என்று டிரெக்டர் சொல்ல, வெட்டாத படம் முழுவதையும் அதற்கு முந்திய கிழமைதான் அழித்திருந்தேன். இயந்திரத்தில் பிழை இல்லை. நான்தான் அழித்தேன்.

"அப்ப நீ வா" என்றார். "வந்து சொல்லு, நான் அப்பிடிச் சொன்னது எண்டு. நீ கேட்டனி தானே."

வருகிறேன் என்றேன். டிரெக்டர் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா போனதும், திங்கட்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனால் செவ்வாய்க்கிழமை இங்கே வரத் தேவையில்லை என்றார். அடுத்த படத்தில் என் பெயர் தனியாக வரும் என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை நான் தேயிலை வெட்டினேன்.

என் பெயர் தனியாக வந்தது. பிறகு விருதுகூட ஒன்று வந்தது, கண்ணாடியில் செய்தது. அம்மா அதை அலுமாரிக்கு மேலே, பழைய சூட்கேசுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். தோட்டம் இருந்த இடத்தைச் சுற்றித் தகரம் அடித்திருக்கிறார்கள். பரீதா ராத்தாவைக் கொலன்னாவைப் பக்கம் போட்டார்கள், பிலோமினா அக்காவை ஒருகொடவத்தைப் பக்கம். அக்கா வேலையை விட்டுவிட்டார்.

போன மாதம் தேடிப்போனேன். எட்டாம் மாடி. கதவைப் பாதி திறந்து, கமரா கொண்டு வந்தியா என்று கேட்டார். இல்லை என்றேன். பின்னால் மகள் நின்றாள், நெடுத்துப்போயிருந்தாள். கொலன்னாவையில் பரீதா ராத்தாவைக் கண்டதாகவும், பிள்ளை எப்படி என்று அவர் கேட்டதாகவும் சொன்னேன்.

"பரீதா யாரும்மா?" என்றாள் மகள்.

அக்கா அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினார்.