குறுக்கே நின்ற மாதங்கள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, பக்கவாட்டில் நீண்டு கிடந்த விற்பனை அட்டவணையை நேற்று ஒரே சொடுக்கில் நெடுக்காக்கிவிட்டாள். குறுக்கே நின்ற மாதங்களெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்க, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதனதன் இலக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. "முன்னாடியெல்லாம் இத எப்படி மேம் பண்ணீங்க?" என்றாள். வாயால் பண்ணினோம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை. மாடியில், புதுப்புடவைகளைப் பிரித்துப் பார்க்கும் அறையை ஒட்டி எங்கள் கம்ப்யூட்டர் அறை. புதுப்பட்டுக்கு லேசாகக் கஞ்சிப்பசை கலந்த ஒரு வாசனை உண்டு. இப்போதும் எங்காவது அது வீசினால் எனக்குப் புடவை ஞாபகம் வராது, எக்செல் ஞாபகம்தான் வரும். வேலைக்கு எடுக்கும்போது எக்செல் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியும் என்றேன். எழுத்தைத் தடிமனாக்கத் தெரியும், அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் முன்னால் சேர்ந்திருந்த ஜரிகை வியாபாரி மகள் நஸ்ரீனுக்குக் கூடுதலாக வண்ணம் பூசவும் தெரியும்.

இலக்கை எட்டாத எண்ணுக்குச் சிவப்பு பூசுவது எங்கள் வேலை. குழந்தைகளுக்கான பட்டுப்பாவாடைப் பகுதி வருடத்தில் முக்கால்வாசி மாதம் சிவப்பாகவே இருந்தது. அங்கே செல்வி அக்காவும் இன்னொரு பெண்ணும் இருந்தார்கள். ஒருநாள் மேனேஜர் வந்து, "பாவாடைய மூடிடலாம்னு முதலாளி சொல்றாரு. எல்லா செக்‌ஷனையும் வருஷம் முழுக்க டார்கெட்டோட பக்கத்துல பக்கத்துல வெச்சிக் காட்டுங்கம்மா" என்றார்.

விற்பனைத் தாளில் மாதங்கள் குறுக்கே இருந்தன. இலக்கு வேறொரு தாளில் இருந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காராது. எனவே நஸ்ரீன் ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, நான் மாதத்துக்கு ஒரு வரியாக அடித்துக்கொண்டே போனேன். எண் பெரிதாக இருந்தால் அவளுக்கு உருது வந்துவிடும், நான் கத்துவேன்.

நடுவில் அவள் நிறுத்தினாள். "ஜூன்ல டார்கெட் இன்னாடி?"

"அதேதான்."

"தீபாவளிக்கு?"

"அதேதான். வருஷத்து டார்கெட்ட பன்னெண்டா வெட்டி வெச்சிருக்காங்க."

"ஜூன்ல ஸ்கூல் தொறக்குறாங்க. அப்போ யூனிபார்ம் வாங்குவாங்களா, பட்டுப்பாவாடை வாங்குவாங்களா?"

அந்த நேரம் பார்த்து செல்வி அக்கா மாடிக்கு வந்தார். "இன்னாம்மா, எங்க சீட்ட கிழிச்சிக்கினு இருக்கீங்களா?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கையிலிருந்த டீயைக் குடிக்கவே இல்லை. அவர் போனதும் நஸ்ரீன் போன வருடத் தாளைத் திறந்தாள்.

போன வருடம் ஒவ்வொரு பகுதியும் எந்த மாதம் எவ்வளவு விற்றதோ, அந்த விகிதத்தில் ஆண்டு இலக்கைப் பிரித்துப் பழைய இலக்கின் பக்கத்தில் இன்னொரு கட்டமாகப் போட்டோம். பாவாடையின் சிவப்பு கிட்டத்தட்ட கரைந்துபோயிற்று. வினை என்னவென்றால், முகூர்த்த மாதங்களில் நிமிர்ந்து நின்ற வேட்டிப் பகுதி, அந்த மாதங்களின் இலக்கு உயர்ந்ததும் சிவந்துவிட்டது. அதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் மேனேஜரின் மைத்துனர்.

மேனேஜர் வேட்டி வரியில் விரலை வைத்தார். "வேட்டி இன்னாத்துக்கு செவப்பா இருக்குது?"

"கணக்கு அப்படித்தான் சார் வருது" என்றாள் நஸ்ரீன். நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நினைத்திருந்தால் அந்தக் கட்டத்தை அழிக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்படியே முதலாளியிடம் கொண்டுபோனார். திரும்பி வந்து, "பாவாடை இருக்கட்டுமாம்" என்றார். வேட்டியைப் பற்றிக் கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. நாங்கள் கீழே போய்ச் சொன்னதும் செல்வி அக்கா, கலைந்து கிடந்த பாவாடைகளை மடிக்க ஆரம்பித்தார்.

அதன்பிறகு மாதப் பிறப்பு தோறும் நஸ்ரீன் வாசித்தாள், நான் அடித்தேன். அப்புறம் அந்த வேலையைத் தானே செய்யும் மென்பொருள் வந்தது. அவளைக் கீழே பில் போடும் இடத்துக்கு மாற்றினார்கள். கல்யாணமாகி ஆம்பூர் போனாள். நான் சென்னைக்கு வந்தேன்.

போன மாதம் என் கூடப்பிறந்த அக்கா மகளுக்குத் துணி எடுக்க அந்தக் கடைக்குப் போனபோது மாடியையும் எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் அறைக்குக் கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தான். அறையில் நாற்காலி ஒன்றுதான் இருந்தது.