துளையிடாத டின்கள்

மேகம் இல்லாத காலையில் புக்கிட் பாரு மேட்டில் நின்றால் லேடாங் மலை தெரியும். நீலமாக, தள்ளி, யாரோ வானத்தின் ஓரத்தில் கை ஊன்றி எழப் பார்ப்பது போல. வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி அதைப் பார்ப்பேன். பிறகு, நான் பார்ப்பதை யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பேன்.

அப்படிப்பட்ட காலம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒரு மழைக்காலம் கடந்திருந்தது. கொடி மாறியிருந்தது, சந்தேகம் மாறவில்லை. மலாக்காவில் அவசரகாலக் கட்டுப்பாடுகளை எடுத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் ஜொகூர் எல்லைக்கு அப்பால், மலையடிவாரக் காட்டில், துப்பாக்கியோடு உள்ளே போன கம்யூனிஸ்டுகளில் சிலர் இன்னும் மிச்சம் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பிடி அரிசி கொடுத்தவன் என்று ஒரு வாய் சொன்னால் போதும், சிறை. இங்கே பிறக்காதவன் என்றால் கப்பலேற்றி நாடு கடத்தல். நான் கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவன். சுங்க அலுவலகத்தில் தற்காலிகக் கிராணி, கணக்கெழுதும் வேலை. குடியுரிமைக்குக் காத்திருந்தேன். காஜா பேராங்கில் வாடகை வீடு, கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன மனைவி. இழப்பதற்கு அவ்வளவுதான் இருந்தது. அது எனக்கு நிறைய.

ஆசையைக் கிளப்பியவர் பஸ் பட்டறையில் வேலை செய்த ஃபிட்டர். டீக்கடைப் பழக்கம். என்னைவிட மூத்தவர். முன்பு அந்த மலையடிவாரத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். என் கண் போகிற திசையைக் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் சொன்னார்:

"அத பாத்துக்கிட்டே இருந்தா வயசுதான் ஆகும், கிராணி. ஏறிப் பாத்துருவமா?"

மூன்றாவது ஆள் எங்கள் சந்துக்குப் பின்னால், தலைமுறைகளாக இங்கேயே ஊன்றிவிட்ட மலாக்கா செட்டிகளின் கம்பத்துக் குடியிருப்பைச் சேர்ந்தவர். நில அளவைக்காரர்களோடு சங்கிலி இழுத்து ஊரெல்லாம் நடந்தவர். வீட்டில் பேசுவது மலாய். கோயிலில் சொல்லும் சில வார்த்தைகளை விட்டால், என்னைக் கூப்பிடும் 'தம்பி' ஒன்றுதான் அவர் வாயில் தமிழ். தான் இத்தனை வருஷம் அளந்த நிலம் மேலிருந்து பார்த்தால் நிஜமா பொய்யா என்று தெரிய வேண்டும், அதனால் வருகிறேன் என்றார். ஒரு நிபந்தனை வைத்தார். மலையில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. யாராவது பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கவும் கூடாது. கூப்பிடுவது கூட வந்தவனாக இருக்க வேண்டிய அவசியம் இல்லையாம். ஃபிட்டர் சிரிக்காமல் தலையாட்டினார். அது எனக்கு உறுத்தியது. எதற்கும் கேலி பேசுகிற மனிதர்.

மாலைகளில் என் வீட்டு முன்கூடத்தில் கூடினோம். அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர்; காலுறையை அதில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். செங்குத்துப் பாறைக்குக் கயிறு. கிளேபாங் கடற்கரையின் ஈரமணலில் நடந்து கால் பழக்கினோம். வழியைக் காட்டுவதற்கு ஃபிட்டர் மேசையில் சிந்திய டீயில் விரலை ஓட்டுவார். இது ஓடை. இது மூங்கில். இந்த இடத்தில் பெரிய மரம் ஒன்று போன மழையில் விழுந்து கிடக்கிறது, சுற்றித்தான் போகணும். சொல்லி முடித்ததும் உள்ளங்கையால் மேசையைத் துடைத்துவிடுவார். டீயைத் துடைத்தாரா, வழியைத் துடைத்தாரா?

போன மழையில் விழுந்த மரம் இவருக்கு எப்படித் தெரியும்? தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆகிறது என்கிறாரே. கேட்டேன்.

"மரம் விழுந்தா சத்தம் கேக்கும்லா, கிராணி."

செட்டிக்காரர் கிளேபாங் மணலில் என்னைப் பின்தங்க வைத்து வேறொன்று சொன்னார். சந்தையோரக் காப்பிக்கடையில் ஃபிட்டர் ஒரு உளவுப் போலீசோடு உட்கார்ந்திருந்ததைத் தன் மைத்துனன் பார்த்தானாம். நான் கணக்குப் போட்டேன். அவர் காட்டுக்கு ஆள் என்றால் நான் மாட்டுவேன். போலீசுக்கு ஆள் என்றாலும் நான்தான் மாட்டுவேன். அதோடு, இதை என்னிடம் சொல்ல இவருக்கு என்ன அவசரம்?

விலகியிருக்கலாம். ஆனால் மறுநாள் காலை மேட்டில் மலை தெரிந்தது. தெரிந்துகொண்டே இருந்தது.

புறப்படும் வாரம் சாமான் வாங்க ஃபிட்டரோடு சீனர் கடைக்குப் போனேன். அந்தக் கடை முதலாளியான தவுக்கேக்கு ஒரு பழக்கம். கட்டுப்பாட்டுக் காலத்தில் டின் உணவு விற்றால் கடையிலேயே ஆணியடித்துத் துளை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். துளை விழுந்த டின் இரண்டு நாளில் கெடும். காட்டுக்குப் போய்ச் சேராது. எங்கள் ஊரில் அந்தச் சட்டம் போய்விட்டது, தவுக்கேயின் கைக்குத்தான் அது தெரியவில்லை. சார்டின் டின்களை அடுக்கினார், ஆணியை எடுத்தார். ஃபிட்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"குத்த வேணாம்."

மெதுவாகத்தான் சொன்னார். தவுக்கே என்னைப் பார்த்தார், அவரை அல்ல.

மூன்று பேர் ஒரு நாள் தின்பதற்கு மேல் டின்கள் இருந்தன. அவற்றைப் பட்டறையில் வைக்க இடமில்லை, உங்கள் வீடு பஸ் ஏறும் இடத்துக்குக் கிட்டே என்று என் சமையலறையில் இறக்கிவிட்டுப் போனார். எல்லை தாண்டினால் சோதனைச் சாவடி உண்டு. வெந்த சோற்றை விடுவார்கள் என்று பேச்சு. முழு டின்னை?

மனைவியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அவள் முள்வேலி போட்ட தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள். காட்டுக்கு அரிசி போகிறதா என்று வேலிவாசலில் தினமும் பெண்களின் தலைமுடியைக்கூட அவிழ்த்துச் சோதித்த இடம் அது. டின்களை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் வேலை முடிந்து வந்தபோது சமையலறைத் தரையில் மீன் எண்ணெய் வாடை. எல்லா டின்களிலும் துளை. தேங்காய் உரிக்கும் கத்தியின் நுனியால் குத்தியிருந்தாள். வரிசையாக வைத்திருந்தாள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிவந்த துளி. நான் வாய் திறப்பதற்குள் வாசலில் ஃபிட்டரின் சைக்கிள் மணி.

அவர் டின்களைப் பார்த்தார். சுவரோரமாக உட்கார்ந்தார்.

"என்ன தங்கச்சி இப்படிப் பண்ணிட்டே?"

"லயத்துப் பழக்கம்ணே," என்றாள் அவள். பிறகு குரலை மாற்றாமலே, "குத்தாத டின்னு வாங்குறவருக்கு வயிறு வேற எங்கயோ இருக்கு. யாரு?"

அவர் காலுறையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

"என் தம்பி. உள்ள போனான். இருக்கானா இல்லியான்னு போலீசுக்கும் தெரியல, மாசாமாசம் என்னக் கூப்புட்டுக் காப்பி வாங்கிக் குடுத்துக் கேக்குறாங்க. உச்சிக்குக் கீழ ஒரு பாறையிடுக்கு. சின்னப்புள்ளயில நாங்க ஒளியுற எடம். அங்க வெச்சிட்டு வந்துரலாம்னு."

"தனியாப் போனா விட மாட்டாங்கன்னு இவர கூட்டிக்கிட்டீங்க."

அவர் ஆமென்று தலையாட்டினார்.

"உங்க தம்பிக்காக இவரக் கப்பல்ல ஏத்தணுமா?"

 அவள் பதிலுக்குக் காத்திராமல் சட்டியை அடுப்பில் வைத்தாள். துளை விழுந்ததை அன்றே தின்றாக வேண்டும். வெங்காயமும் மிளகாயும் போட்டு எல்லா டின்னையும் ஒரே குழம்பாக்கினாள். வாசனை பிடித்து வந்த செட்டிக்காரர், மலை ஏறுமுன்பே கட்டுச்சோற்றைக் காலி செய்கிறீர்களா என்று மலாயில் கேலி செய்துகொண்டே உட்கார்ந்தார். மனைவி அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள். ஃபிட்டர் தலைகுனிந்து சாப்பிட்டார். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

காலையில் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார், வெறுங்கையோடு. மனைவி வாழையிலையில் சோறும் எண்ணெய்க் கறியுமாக மூன்று பொட்டலம் கட்டித் தந்தாள். மலையடிவாரத் தங்காக் ஊருக்குப் போகும் வழியில் சாவடிக்காரன் எங்கள் பையைக் கவிழ்த்தான். மூன்று பொட்டலம், மூன்று ஆள். கயிற்றை மட்டும் முறைத்துப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

ஏறினோம். ஓடை, மூங்கில், பிறகு அந்த விழுந்த மரம். அவர் சொன்ன இடத்திலேயே கிடந்தது. வேரைப் பிடித்து, பாறையைப் பிடித்து, நெஞ்சு வாய்க்கு வர ஏறினோம். பெயர் சொல்லாமல் இருமியும் கனைத்தும் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டோம். கடைசிப் பாறைக்குக் கீழே ஃபிட்டர், மூச்சு வாங்குகிறது, நீங்கள் முன்னே போங்கள் என்றார். அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை.

உச்சியில் மூடுபனி கிழிந்தது. ஒரு பக்கம் நீரிணை, ஈயத்தகடாக. மறுபக்கம் மலைக்குப் பின் மலையாகக் காடு, முடிவே இல்லாமல், ஒரு புகைக்கோடு கூட இல்லாமல். செட்டிக்காரர் தன் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். நான் கடலைப் பார்க்கவில்லை. அந்தக் காட்டுக்குள்ளிருந்து யாராவது எங்களைப் பார்க்கிறார்களா என்று பார்த்தேன். பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம், நாங்கள் இருவர். பிறகு ஃபிட்டர் ஏறி வந்தார். தான் கீழேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். அவர் கையில் எண்ணெய்ப் பசை இல்லை.

இறங்கும்போது அந்தப் பாறையிடுக்கைக் கடந்தோம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு வந்ததும் மனைவி வெந்நீர் வைத்தாள். அட்டை கடித்த இடங்களில் உப்பைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"அண்ணன் சாப்புட்டாரா?"

"நான் பாக்கல."

அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்காதது நல்லது," என்றாள்.