மூன்று விரல்

எங்கள் நெரவி வீட்டுக்குப் பின்னால் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் ஒன்று உண்டு. அறுவடை முடிந்தால் அது என் அக்காவின் கூடைப்பந்து மைதானம். எண்பதுகளின் தொடக்கம் அது. அவள் காரைக்காலில் பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளி அணியின் கேப்டன். சின்னப் பிள்ளைகளுக்கு டிரிப்ளிங் சொல்லிக்கொடுக்கும் வேலையை பி.டி. டீச்சர் அவள் தலையில் கட்டியிருந்தார். நான்கு மணி வெயிலில் பத்துப் பேர் வரிசையாக நிற்போம். இருப்பதோ ஒரே பந்து.

உள்ளங்கை படக்கூடாது, விரலால்தான் தள்ள வேண்டும். முட்டி மடங்க வேண்டும். குனிந்து பந்தைப் பார்த்தால் தொலைந்தோம். அக்கா எதிரே நின்று விரல்களைக் காட்டுவாள். தட்டிக்கொண்டே எத்தனை என்று சொல்ல வேண்டும். விரலைப் பார்த்தால் எனக்குப் பந்து ஓடிவிடும். ஒருநாள் இரண்டும் கூடிவந்தது. அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். அப்படிப்பட்ட சம்பந்தத்தோடு வரும் பிரெஞ்சுக் குடியுரிமைக்காகத் தவம் கிடந்த அப்பாக்களில் என் அப்பாவும் ஒருவர். அக்கா அழுது மன்றாடி, ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் நடக்கும் மாநில அணித் தேர்வுக்குப் போக மட்டும் அவரிடம் சம்மதம் வாங்கியிருந்தாள். அந்த ஒரு நாள் போதும் என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, அக்காவுக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டார். இதற்காகவே காத்திருந்தவள் போல எல்லாவற்றையும் கொட்டினேன்: தினமும் வெயிலில் நிற்பது, முட்டியில் இருக்கும் தழும்பு, ஞாயிற்றுக்கிழமைப் பயணம். போதாதென்று பந்தை எடுத்துவந்து கூடத்திலேயே தட்டிக் காட்டினேன். பந்தைப் பார்க்காமல் தட்டியவளுக்கு என் அம்மா கண்ணை உருட்டியது தெரியவில்லை.

அந்த அம்மாள் சிரித்தபடியே அப்பாவிடம் சொன்னார்: "கல்யாணம் வரைக்கும் பொண்ண வெயில்ல விடாதீங்க. புதுச்சேரியெல்லாம் இனிமே எதுக்குங்க?"

நுணல் தன் வாயால்தான் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது அக்கா.

மறுநாள் அப்பாவே சைக்கிளில் பந்தைக் கொண்டுபோய்ப் பள்ளியில் கொடுத்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பள்ளி அணி அவள் இல்லாமல் தேர்வுக்கு பஸ் ஏறியது. அவள் என்னைத் திட்டவே இல்லை.

அன்று சாயங்காலம் வெறுங்களத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே போய் நின்று, பந்தில்லாத கையை மேலும் கீழும் ஆட்டினேன். அவள் மூன்று விரல் காட்டினாள்.

"மூணு" என்றேன்.

"பந்து இல்லாம யாரு வேணாலும் சொல்லிடலாம்டி" என்றாள்.

விடை சரிதானே என்று நான் களம் முழுக்கக் குதித்தேன்.