கேரலுக்குச் சொன்ன வாசனைகள்

போன சனிக்கிழமை மகளுக்கு ஒரு சின்னப் பார்சல் வந்தது. பிரித்துக் கொட்டினாள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கண்ணாடிக் குப்பிகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் கொஞ்சூண்டு சென்ட். முழு பாட்டில் வாங்குவதற்கு முன்னால் இப்படி சாம்பிள் வரவழைத்து முகர்ந்து பார்ப்பதும், தோழிகளோடு வீடியோவில் சண்டை போடுவதும்தான் இப்போது அவளுடைய பொழுதுபோக்கு. கலிஃபோர்னியாவில், எங்கள் ஃப்ரீமான்ட் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் குப்பிகளை வரிசையாக நிறுத்தி, ஒன்றைத் திறந்து காகிதத்தில் தொட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அப்பா, டெல் மீ வாட் இட் ஸ்மெல்ஸ் லைக்."

"நல்லா இருக்கும்மா."

"தட்ஸ் நாட் எ ஸ்மெல், அப்பா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே வாக்கியத்தை இதே எரிச்சலோடு என்னிடம் சொன்ன இன்னொரு பெண்மணி உண்டு. அவருக்கு அப்போது வயது அறுபதுக்குப் பக்கம். பெயர் கேரல்.

கேரலைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் பார்சிப்பனிக்குப் போக வேண்டும். நியூஜெர்சியில் கண்ணாடி ஆபீஸ் கட்டடங்களும் நம்மவர்களும் நிறைந்த ஊர். நான் திருச்சியிலிருந்து அங்கே போய் இறங்கியது ஒரு ஜனவரி மாதம். குளிர் எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இல்லை. எல்லோரும் சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தக் குளிரில் தெருவுக்கு வாசனையே கிடையாது. காந்தி மார்க்கெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தாலும் எந்தக் கடை வாசலில் நிற்கிறேன் என்று தெரிந்துகொண்டு வளர்ந்தவன் நான். இங்கே கண்ணைத் திறந்துகொண்டு நடந்தாலும் எல்லாத் தெருவும் ஒரே தெருவாக இருந்தது.

என் ரூம்மேட் சாதிக்கிடம் இதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து, சாக்ஸுக்குள் சுருட்டி வைத்திருந்த ஒரு அத்தர் குப்பியை எடுத்தான். சாதிக்குக்குச் சொந்த ஊர் கீழக்கரை. நான் வேலை பார்த்த அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில்தான் அவனும் கான்ட்ராக்டில் இருந்தான்.

"வாப்பா குடுத்து விட்டது, மாப்ள. போட்டுக்க மாட்டேன். தீந்துரும்ல? அப்பப்போ மூடியத் தொறந்து மோந்துட்டு வச்சிருவேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. சனிக்கிழமை காலை துணி துவைத்துப் போட்டதும் பக்கத்து ஊர் மாலுக்குப் போவோம். மாலின் ஒரு கோடியில் பெரிய பலசரக்கு அங்காடி. (அவர்கள் அதை டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்பார்கள். பருப்பு மட்டும் கிடைக்காது.) உள்ளே நுழைந்ததும் சென்ட் கவுண்டர். கண்ணாடி மேஜைமேல் நூறு பாட்டில், காகிதப் பட்டைகள், மூக்கு களைத்துப் போனால் முகர ஒரு கிண்ணத்தில் காப்பிக் கொட்டை. முதல் இரண்டு வாரம் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் 'தூக்கலா இருக்கு', 'பரவால்ல' என்ற இரண்டு தரங்கள்தான். மூன்றாம் வாரம் கவுண்டர் பெண் ஒரு பிரெஞ்சு சென்ட்டை எடுத்து, ஏதோ ரகசியம் சொல்வதுபோல, "வெட்டிவே" என்றாள். நான் முகர்ந்து பார்த்துவிட்டு சாதிக்கிடம் நீட்டினேன்.

"டேய், வெட்டிவேர்டா!"

"எங்க வீட்டுத் தண்ணிப் பானைல கெடக்கறத பாட்டில்ல அடைச்சு நம்மகிட்டயே காட்டுறாளே!"

அந்தப் பெயரே நம்ம ஊர் வார்த்தை என்று அவளிடம் விளக்கப் பார்த்தோம். அவள் புன்னகை மாறாமல், "நோ, இட்ஸ் ஃப்ரெஞ்ச்" என்றாள். விட்டுவிட்டோம்.

அன்றைக்குத்தான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். பார்த்த ஒவ்வொரு சென்ட்டுக்கும் ஒரு பக்கம். அடித்த உடனே எப்படி, அரை மணி கழித்து எப்படி, சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது எப்படி. ஒன்றை இடது கையிலும் ஒன்றை வலது கையிலும் அடித்துக்கொண்டு நாள் முழுக்க மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டிருப்பேன். பார்த்தவர்கள் எனக்கு மணிக்கட்டில் ஏதோ சொறி என்று நினைத்திருப்பார்கள். சாதிக் நிதானமானவன், ஒரு வாரத்துக்கு ஒன்று போதும் என்பான். எனக்குத்தான் அவசரம்.

அந்த அவசரம் ஒரு பிப்ரவரி மாதத் திங்கட்கிழமை என்னைக் கவிழ்த்தது.

கேரல் எங்கள் டீமில் டெஸ்டிங் பார்த்தவர். வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருப்பார். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். என் புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கும்போது மட்டும் அதை எடுத்து மாட்டுவார். நல்ல மாதிரிதான், ஆனால் அவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம். அன்று காலை மீட்டிங். ஜன்னல் திறக்க முடியாத சின்ன அறை, ஹீட்டர் முழு வேகத்தில். அவர் பக்கத்து நாற்காலிதான் காலியாக இருந்தது. நான் அன்று ஒப்பிட்டுப் பார்க்க எடுத்திருந்தவை, கவுண்டரில் வாங்கி வந்த இரண்டு சாம்பிள் சென்ட். கைக்கு மூன்று தடவை வீதம் அடித்து, போதுமோ போதாதோ என்று கழுத்திலும் ஒன்று.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. கேரல் இருமினார். மறுபடி இருமினார். கைப்பையைத் துழாவினார், அதில் தேடியது கிடைக்கவில்லை. முகம் சிவந்து, தோள் தூக்கித் தூக்கி இறங்கியது. நான் பதறிப்போய் அவர் முதுகைத் தாங்கி, "ஆர் யூ ஓகே?" என்று குனிந்தேன். அவர் என்னைத் தள்ளினார். எனக்குப் புரியவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து இன்னும் நெருக்கமாகப் போனேன். இரண்டு கையையும் என் மார்பில் வைத்துத் தள்ளினார். அவர் கண்ணில் அப்போது இருந்த பயத்தை நான் அதற்கு முன்னால் எந்த மனிதர் முகத்திலும் பார்த்ததில்லை.

யாரோ அவர் மேஜையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவர் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். நான் வராந்தாவில் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன்.

சாதிக் என்னைக் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துப் போனான்.

"என்னடா போட்டிருக்க?"

"ரெண்டு. ஏன்?"

"அவங்களுக்கு ஆஸ்துமாடா. உன் மேல இருந்து வர்றதுதான்டா அவங்களுக்கு ஆகல."

மதியம் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மூன்று தடவை குளித்தேன். நல்ல சென்ட்டின் பெருமையே அது சோப்புக்கு மசியாததுதான் என்று என் நோட்டில் நானே எழுதியிருந்தேன். தேய்த்துத் தேய்த்துக் கழுத்து சிவந்து போனது. வாசனை போகவே இல்லை. வேலை போகும், விசா போகும் என்பதெல்லாம் அடுத்த நாள் வந்த பயம். அன்றைக்கு முழுக்க என் நெஞ்சில் இருந்தது அவருடைய இரண்டு உள்ளங்கைகள்தான்.

மறுநாள் காப்பி மிஷினுக்கு மேலே ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள்: ஆபீஸுக்குள் வாசனைத் திரவியங்கள் வேண்டாம். பெயர் போடவில்லை. போட்டிருந்தாலும் ஒன்றுதான். எல்லோரும் நோட்டீஸைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

கேரல் வியாழக்கிழமை வேலைக்குத் திரும்பினார். நான் அவர் இடத்திலிருந்து நாலைந்து மேஜை தள்ளி நின்றுகொண்டு, அங்கிருந்தே ஸாரி சொன்னேன். ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணிய நாலு வரியில் இரண்டுதான் வாயில் வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"நீ போட்டிருந்ததுல ஒண்ணுல ஐரிஸ் இருந்துச்சா?"

இருந்தது. ஐரிஸ் என்பது ஒரு பூச்செடி. அதன் கிழங்கிலிருந்து எடுப்பது குளிர்ச்சியான பவுடர் மாதிரி மணக்கும். எனக்கே அதைப் பிரித்துத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆகியிருந்தது.

"மூச்சு அடைக்கறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் வந்துச்சு. அந்த ஒரு செகண்ட் ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றார்.

அப்புறம்தான் தெரிந்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு நூவர்க் நகரத்தில் ஒரு பெரிய கடையில் சென்ட் கவுண்டரில்தான் அவர் முதல் வேலை பார்த்திருக்கிறார். வாசனை என்றால் உயிர். நாற்பது வயதில் ஆஸ்துமா வந்து எல்லாவற்றையும் எடுத்துப்போய்விட்டது. இருபது வருஷமாக வீட்டில் வாசனை சோப்புகூடக் கிடையாது.

"இனிமே போட்டுட்டு வராத. ஆனா என்ன மோந்து பாத்தேன்னு வந்து சொல்லு," என்றார்.

திங்கட்கிழமை லஞ்சுக்கு நானும் சாதிக்கும், குளித்து, துவைத்த சட்டையோடு அவர் எதிரே உட்கார்ந்தோம். நான் நோட்டைப் பிரித்து, முதல் சென்ட் ரொம்ப நன்றாக இருந்தது என்றேன். அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது. நல்லா இருக்கு என்பது ஒரு வாசனை இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் முகர்ந்ததெல்லாம் அவருக்குச் சொல்வதற்காக. ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதைக் கேரலுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் தோன்றும். எனக்கு உவமை எல்லாம் திருச்சியிலிருந்துதான் கிடைத்தது. ஒன்று மாவு மில்லின் வாசல் மாதிரி என்றேன். மாவு மில் என்றால் என்ன என்றார். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, தூக்கில் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. பெல்ட் சூடாகும் வாசனை உண்டா என்று கேட்டார். உண்டு, எனக்குத்தான் மறந்திருந்தது. சாதிக் இரண்டே வார்த்தையில் முடிப்பவன். அகில் கட்டையிலிருந்து எடுக்கும் ஒரு ஊது சென்ட்டுக்கு அவன் சொன்னது "வாப்பாவோட வெள்ளிக்கிழமை." கேரல் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

ஒருநாள் அவர் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். கவுண்டரில் நின்ற காலத்தில் அவரே போட்டுக்கொண்ட சென்ட். பீச் பழத்தோல், நனைந்த மரத்தில் இருக்கும் பாசி, அதற்கும் அடியில் பழைய தோல் கையுறையைக் கழற்றினால் உள்ளே இருக்குமே, அது. அதை நிறுத்தி எத்தனையோ காலமாகிவிட்டது, தேடாதீர்கள் என்றார். தேடாதே என்றால் சாதிக் தேடாமல் இருப்பானா? இரண்டு வருஷம் கழித்து, ஒரு காலி செய்யப்பட்ட வீட்டின் கராஜில் நடந்த பழைய பொருள் விற்பனையில், தட்டுமுட்டுச் சாமான் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு குட்டி பாட்டிலை எடுத்து முகர்ந்துவிட்டு என்னைக் கத்திக் கூப்பிட்டான்.

"மாப்ள, கையுறைடா! கையுறை!"

லேபிளில் பாதிதான் இருந்தது. அந்தப் பாதி போதும்.

கேரலிடம் சொன்னபோது பலமாகத் தலையசைத்து மறுத்துவிட்டார். மறுபடி நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த ஏப்ரலில் அவர் ரிட்டயர் ஆனார். கடைசி நாள், கேக் வெட்டி முடிந்ததும், அவரே எங்களிடம் வந்து, "கார்ல இருக்கா?" என்றார்.

பார்க்கிங் லாட்டுக்குப் போனோம். சாதிக் ஒரு டிஷ்யூ பேப்பரைத் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தான். நான் காற்று வரும் பக்கமாக நாற்பது அடி தள்ளிப் போனேன். அவன் ஒரு கையில் அவருடைய இன்ஹேலரும் மறு கையில் கார் சாவியுமாக, ஓடத் தயாராக அவர் பக்கத்தில் நின்றான். காகிதப் பட்டையில் ஒரு சொட்டு வைத்து உயர்த்தினேன்.

"வருதான்னு கேளுடா!" என்று கத்தினேன்.

"வரலயாம்! கொஞ்சம் கிட்ட வா!"

ஐந்து அடி. நின்றேன். இன்னும் ஐந்து அடி. சம்பளம் வாங்கும் இரண்டு இன்ஜினியர்களும் ஒரு கிழவியும் என்ன செய்கிறார்கள் என்று இரண்டாம் மாடி ஜன்னலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். இருபது அடி இருக்கும்போது கேரல் சட்டென்று கையை உயர்த்தினார். பட்டையைக் கசக்கிப் பையில் போட்டு, பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அவர் இருமவில்லை. உயர்த்திய கை அப்படியே இருந்தது. வாய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு இன்ஹேலரை வாங்கி ஒரு இழுப்பு இழுத்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டார். நம்ம ஊர்க் கும்பிடு. சாதிக்தான் எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"என்னடா சொன்னாங்க?" என்று பிறகு கேட்டேன்.

"யாரோ பேர் சொன்னாங்கடா. யாருன்னு நான் கேக்கல."

அந்த மால் இப்போது பாதி காலி. சென்ட் கவுண்டர் இருந்த கடையை மூடிவிட்டார்கள். எங்கள் ஆபீஸ் கட்டடத்தை இடித்து அபார்ட்மென்ட் கட்டியிருக்கிறார்களாம். சாதிக் டெக்சாஸ் போய், மூன்று குழந்தைகளுக்குத் தகப்பனாகி, ரமலானுக்கும் தீபாவளிக்கும் மட்டும் போன் பேசுகிறான். அன்று நாங்கள் முகர்ந்தவற்றில் முக்கால்வாசி அதே பெயரில் இன்றும் கடையில் இருக்கின்றன. உள்ளே இருப்பது வேறு. ஐரிஸ் கிழங்கு விலை ஏறிவிட்டது, மரப்பாசிக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது என்று என்னென்னவோ சொல்கிறார்கள்.

கேரல் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கார்டு அனுப்புவார். அடியில் எப்போதும் ஒரே கேள்வி: இந்த வருஷம் புதிதாக என்ன? நான் இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் பதில் எழுதுவேன். கலிஃபோர்னியாவுக்கு வந்த பிறகும் ஏழெட்டு வருஷம் இது நடந்தது. ஒரு வருஷம் கார்டு வரவில்லை. தபாலில் எங்கேயாவது தவறியிருக்கும் என்று நானாகவே எழுதிப் போட்டேன். யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே முதல் மழை விழுந்த அன்று எங்கள் தெரு எப்படி மணந்தது என்று, அவர் என்னென்ன கேட்பார் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் பதிலும் சேர்த்து, மூன்று பக்கம். ஜனவரிக் கடைசியில் அது திரும்பி வந்தது. உறையின் முன்பக்கத்தில், அனுப்பியவருக்கே திரும்ப என்று தபால்காரர்கள் ஒட்டும் மஞ்சள் ஸ்டிக்கர். பிரிக்கப்படாத கடிதம்.